ஆட்டம்ஃபாலா, ஃபால்அவுட்டா, ஸ்டாக்கரா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறைக்கு அக்காவின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.) எழுதப்போகிற வயது. நான் ஆட்டம்ஃபால் என்ற கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். திரையில் பச்சைப் புல்வெளி, கல்லை அடுக்கிக் கட்டிய மதில், கதவு திறந்தபடி கிடக்கும் ஒரு வீடு. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவன், "மாமா, ஃபால்அவுட்டைத் தூக்கி இங்கிலாந்திலை வச்சதோ இது?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. 2025 மார்ச் 27 இல் இந்தக் கேம் வெளிவந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஃபால்அவுட் இதற்கு முன்பே வந்த ஒரு கேம் தொடர். அணு அழிவு, பங்கர், பழைய காலத்து வானொலி, முகமூடி போட்ட ஆட்கள் எல்லாம் இரண்டிலும் உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். கிட்டப் போனால் ஆட்டம்ஃபால் ஃபால்அவுட்டை விட ஸ்டாக்கர் என்ற இன்னொரு கேம் தொடருக்குத்தான் சொந்தம், அதுவும் ஒன்றுவிட்ட சொந்தம். அன்று அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை, இந்த வகைக் கேம் எதையும் தொட்டுப் பார்க்காத ஒருவருக்கு உதவும் விதமாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வேலிக்கு வெளியே உலகம் இருக்கிறதா?

வாங்குவதற்கு முன் ட்ரெய்லரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எந்த ட்ரெய்லரிலும் வெடிச்சத்தம்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, எது அழிந்தது, எவ்வளவு தூரம் அழிந்தது என்று பாருங்கள். கேமின் குணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

ஃபால்அவுட்டில் 2077 இல் அணுப்போர் வந்து உலகமே எரிந்துபோகிறது. தொடரில் பலரும் மெச்சுகிற நியூ வேகாஸ் பாகம் (2010 இல் வந்தது) நடப்பது 2281 இல். இருநூறு வருடம் ஓடிவிட்டது. அழிவு அங்கே பாட்டன் பூட்டன் கதை. புது அரசுகள், கும்பல்கள், சூதாட்ட விடுதிகள் எல்லாம் முளைத்துவிட்டன. நீங்கள் போய்ச் சேர்வது அழிந்த இடத்துக்கு என்பதை விட, அதன் மேல் குடியேறியவர்களிடம் என்று சொல்லலாம்.

ஆட்டம்ஃபாலின் அடியில் இருப்பது உண்மைச் சம்பவம். 1957 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருந்த விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடித்தது. அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் செய்வதற்காகக் கட்டிய உலை அது. தீ அணைய நாட்கள் பிடித்தன. கதிரியக்க அயோடின் காற்றோடு போய்ப் புல்லில் படிந்தது. புல்லை மாடு மேய்ந்தால் பாலிலும் வரும் என்று, சுற்றுவட்டாரத்தில் சுமார் 500 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிலிருந்த பண்ணைகளின் பாலையெல்லாம் வாரக்கணக்கில் ஊற்றிவிட்டார்கள். உண்மையில் நடந்தது இவ்வளவு. ரெபெல்லியன் நிறுவனம் அதை ஊதிப் பெரிதாக்கி, 1962 இலும் அந்தப் பகுதி இராணுவ முற்றுகைக்குள் இருப்பதாகக் கதை கட்டியது. ஐந்தே வருடம்தான் போயிருக்கிறது. மேசையில் தேநீர்க் கோப்பை இன்னும் இருக்கிறது.

ஸ்டாக்கரின் அடியில் 1986 ஏப்ரல் 26 இன் செர்னோபில் விபத்து இருக்கிறது. பக்கத்து நகரமான பிரிப்பியாற்றில் ஏறத்தாழ 49,000 பேர் வாழ்ந்தார்கள். மறுநாள் பேருந்துகளில் ஏற்றும்போது மூன்று நாளுக்குத் தேவையானதையும் பத்திரங்களையும் எடுத்தால் போதும் என்றுதான் அறிவித்தார்கள். இதை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2006 இல் அதே இடத்தில் இரண்டாவது தடவை ஏதோ வெடித்தது என்ற கற்பனையைச் சேர்த்து, கீவ் நகரத்து ஜிஎஸ்சி நிறுவனம் 2007 இல் முதல் பாகத்தை வெளியிட்டது.

ஆட்டம்ஃபாலிலும் ஸ்டாக்கரிலும் அழிந்தது ஒரு வட்டம் மட்டும். வேலிக்கு வெளியே கடை திறந்திருக்கும், பஸ் ஓடும். உள்ளே புல் வளரும். அந்த வட்டத்தை ஸ்டாக்கரில் வலயம் என்பார்கள், அந்தச் சொல் நமக்குப் புதிதில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் போரால் வெளிக்கிட்டவர்கள், முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்துப் பனைகளைப் பார்த்த வருடங்கள் கொஞ்சமில்லை. இந்த இரண்டு கேம்களின் மனநிலை அதற்குக் கிட்டவரும். ஃபால்அவுட்டில் அது வராது, அதற்கு அது தேவையும் இல்லை.

இரண்டாம் படி: வழி எப்படிச் சொல்லப்படுகிறது?

என்னைக் கேட்டால் ஒப்பிடுவதற்கு இதுதான் சரியான இடம். துப்பாக்கி, கிராபிக்ஸ், நகரத்தின் அளவு எல்லாம் பிறகு.

நியூ வேகாஸில் ஒருவர் உங்களிடம் ஒரு வேலை சொன்னதும், திரையின் அடியில் இருக்கும் திசைகாட்டியில் குறி விழும். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போய்ச் சேரலாம். கூகுள் மேப்பைப் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிள் ஓடுவது போல. வழியில் எதையும் பார்க்காமலும் போகலாம், அதுதான் அதில் உள்ள கெடுதியும்.

ஆட்டம்ஃபாலில் "வேலை" என்ற ஒன்றே இல்லை. துப்புகள்தான் இருக்கின்றன. ஒரு வீட்டு மேசையில் கடிதம், செத்துக்கிடக்கும் ஒருவரின் சட்டைப் பையில் துண்டுச்சீட்டு, மதுக்கடையில் ஒருவர் வாய் தவறிச் சொன்ன ஒரு வரி. அதில் ஒரு இடத்தின் பெயரோ வரைபட எண்ணோ இருக்கும். வரைபடத்தை விரித்து நீங்களே தேட வேண்டும். நம் ஊரில் வழி கேட்டால் சொல்வார்களே: பிள்ளையார் கோயிலடியால் திரும்பி ஒழுங்கைக்குள் போனால் ஒரு வேம்பு வரும், அதற்கு முன்னால் இடிஞ்ச மதில், அதுக்கு அடுத்த வளவு. ஆட்டம்ஃபால் அப்படித்தான் கதைக்கும்.

மருமகனிடம் கட்டுப்படுத்தியைக் கொடுத்துவிட்டு நான் தேநீர் போடப் போனேன். திரும்பி வரும்போது அவன் ஒரே வயலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"மாமா, அம்புக்குறி எங்கை?"

"இல்லை. அந்தக் கடிதத்தை வாசிச்சனியோ?"

"அதை மூடிப்போட்டன்."

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. கடிதத்தை மூடாதீர்கள். இன்னும் ஒன்று: தொலைபேசிக் கூண்டு மணி அடித்தால் நின்று எடுங்கள். பேசுகிற குரலை நம்புவதா இல்லையா என்பது உங்கள் பாடு.

ஸ்டாக்கர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. போக வேண்டிய இடத்தை வரைபடத்தில் காட்டிவிடும். ஆனால் அங்கே நேர்கோட்டில் போனால் உயிரோடு போய்ச் சேர மாட்டீர்கள்.

மூன்றாம் படி: கடினத்தை உங்களுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளுங்கள்

ஆட்டம்ஃபாலின் நல்ல குணங்களில் ஒன்று, சண்டை, பிழைத்திருத்தல், தேடல் மூன்றின் கடினத்தையும் தனித்தனியாக மாற்ற விடுவது. பெரும்பாலானோர் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்குவார்கள். நான் சொல்வது வேறு: சண்டையை இலகுவாக வையுங்கள், தேடலைக் கடினமாக வையுங்கள். இந்தக் கேமின் சுவை தேடுவதில் இருக்கிறது. அடிபிடி சுமார்தான். ஓடினாலும் அடித்தாலும் இதயத் துடிப்பு ஏறி, குறி தவறும். அந்த யோசனை நன்றாக இருந்தாலும், கிரிக்கெட் மட்டையால் பத்தாவது ஆளை அடிக்கும்போது அலுத்துவிடுகிறது.

நியூ வேகாஸில் நேரத்தை நிறுத்தி, எதிரியின் காலா தலையா என்று தேர்ந்தெடுத்துச் சுடலாம். கை வேகம் இல்லாதவர்களுக்கு இதை விடச் சௌகரியம் இல்லை. ஸ்டாக்கரில் இந்தச் சலுகை கிடையாது.

நான்காம் படி: பையில் எதைக் காவுவது

அம்மா வழக்கமாகத் திரையைப் பார்க்க மாட்டார். ஒருநாள் பின்னால் கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், நான் கண்ட கண்ட சாமானையெல்லாம் பொறுக்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி உந்தப் பழைய இரும்பெல்லாம் காவுறாய்? உப்பும் நெருப்புப்பெட்டியும் எடுத்தனியோ?"

1995 அக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மாவின் பையில் இருந்தவை காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், உப்பு, நெருப்புப்பெட்டி, ஒரு சின்னச் சட்டி. புகைப்பட ஆல்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததை இன்றைக்கும் சொல்லி வருந்துவார். ஆனால் பை கட்டுவதில் அவரிடம் பாடம் கேட்கலாம்: பாரத்துக்குத் தகுந்த பயன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

கேமில் இது எப்படி என்றால், நியூ வேகாஸில் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. 150 உடன் உங்கள் வலிமை எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் நீங்கள் தாங்கும் அளவு வரும். வலிமை 5 என்றால் 200. அதைத் தாண்டினால் ஓட முடியாது, ஆமை மாதிரி நடக்கலாம். ஆனால் அங்கே பொறுக்கியதை விற்கலாம், சோடாப் போத்தல் மூடிதான் காசு. ஆகவே கொஞ்சம் அள்ளிக்கொண்டு போவதில் தவறில்லை.

ஆட்டம்ஃபாலில் காசே இல்லை. எல்லாம் பண்டமாற்று. பையில் இருக்கும் இடமும் கொஞ்சம். உங்களிடம் மூன்று துப்பாக்கி இருந்தாலும், எதிரில் இருப்பவருக்கு வேண்டியது சாப்பாடாக இருந்தால் துப்பாக்கிக்கு மதிப்பில்லை. ஆகவே வியாபாரியிடம் முதலில் கதைத்து, அவருக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துவிட்டுப் பிறகு பொறுக்கப் போங்கள். துணி, மதுபானம் இரண்டையும் மட்டும் எங்கே கண்டாலும் விடாதீர்கள், காயத்துக்குக் கட்டு செய்ய அவை வேண்டும்.

பொருட்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்று செய்வது இந்த வகைக் கேம் பலவற்றில் உண்டு. வெளியூர் நண்பர்கள் சிலருக்கு அது வெறும் பட்டியல் நிரப்புவது போலப் படுகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தவர்களுக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கும் அதில் வேறு ருசி. எந்தக் கேமும் டைனமோ வானொலியளவுக்கு நல்ல ஒன்றைச் செய்யவிட்டதை நான் இன்னும் காணவில்லை.

ஐந்தாம் படி: காலை எங்கே வைப்பது

ஸ்டாக்கரில் நிலமே எதிரி. வெறும் புல்தரைபோல இருக்கும், கால் வைத்தால் ஆளையே சுழற்றித் தூக்கி எறியும். கண்ணுக்குத் தெரிவது காற்றின் ஒரு சின்ன நெளிவு மட்டும். இதற்காகப் பையில் எப்போதும் மரையாணிகள் இருக்கும், அவை தீராது. ஒன்றை முன்னால் எறிய வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் அந்த இடம் வரை நடக்கலாம். பிறகு அடுத்தது.

புதியவர்கள் இந்த இடத்தில் பொறுமை இழந்து ஓடுவார்கள், சாவார்கள், கேம் சரியில்லை என்பார்கள். முகமாலையால் பஸ்ஸில் போகும்போது, சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு "மிதிவெடி" என்று எழுதியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. முகக்கவசத்தோடு குந்தியிருந்து, ஒரு துண்டு நிலத்தை முடித்து, தடியை நகர்த்தி வைத்து, அடுத்த துண்டைத் தொடுவார்களே, கண்ணிவெடி அகற்றுபவர்கள், அந்த வேகம்தான் ஸ்டாக்கரின் சரியான வேகம்.

ஆட்டம்ஃபாலில் உலோகம் தேடும் கருவி கிடைக்கும். பீப் சத்தத்தையும் விளக்கையும் வைத்து இடமா வலமா என்று பார்த்து, மண்ணைக் கிண்டினால் சாப்பாடோ தோட்டாவோ வரும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது என் கை தானாகவே நின்றுவிட்டது. நம் ஊரில் அந்தக் கருவி சத்தம் போட்டால் கிண்டுவதற்கு ஓடிப் போக மாட்டோம். கேமில் ஓடலாம், ஓடுங்கள். ஆரம்பத்தில் பண்டமாற்றுக்கு அதுதான் நல்ல வருமானம்.

ஆறாம் படி: கணினியும் டேட்டாவும்

பல வருடங்களுக்கு முன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஸ்டாக்கர் முதல் பாகத்தின் கொப்பி டிவிடி வாங்கினேன். பாதிக் கதையில் ஒரு கதவு திறக்கவே இல்லை. இரண்டு கிழமை அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். கேமில் ஏதோ புதிர் என்று நினைத்து, மரையாணியெல்லாம் எறிந்து பார்த்தேன். கொப்பி பண்ணும்போது ஒரு கோப்பு விட்டுப்போனது என்று பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் சிரித்துவிட்டு வேறொரு டிவிடி தந்தார். அதிலும் அந்தக் கதவு திறக்கவில்லை.

இப்போது அந்தத் தலையிடி தேவையில்லை. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கலாம். விலை டொலரில் காட்டும், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே திறந்து, உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கேம்களுக்குக் கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் விலை நன்றாக இறங்கும்.

நியூ வேகாஸுக்கு 2 ஜிபி ராமும் 10 ஜிபி இடமும் போதும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கும். பழைய அலுவலகக் கணினியிலும் ஓடும். ஒரே தொல்லை, நடுவில் திடீரென்று மூடிக்கொள்ளும். ஒரு கதவுக்குள் போவதற்கு முன் சேமிக்கும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம்ஃபாலுக்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ஆனால் பழைய பிளேஸ்டேஷன் 4 இலும் வந்திருக்கிறது என்பதால் பயப்படும்படியான பாரம் இல்லை. ஸ்டாக்கரின் இரண்டாம் பாகம் வேறு சாதி. 2024 நவம்பர் 20 இல் வந்தபோது எஸ்எஸ்டியில் (வேகமான சேமிப்பகத்தில்) 160 ஜிபி கேட்டது. வீட்டு இணையத்தின் மாத அளவே அதோடு சரியாகிவிடும். நள்ளிரவுக்குப் பிறகு வரும் இரவு டேட்டாவில் சில இரவுகளாகப் பிரித்து இறக்குங்கள்.

அந்தப் பாகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தயாராகிக்கொண்டிருக்கும்போதே உக்ரைனில் போர் வந்துவிட்டது. அணியில் ஒரு பகுதி பிராக் நகரத்துக்கு இடம்பெயர்ந்து வேலை செய்தது. தலைப்பில் இருந்த ரஷ்ய உச்சரிப்பான செர்னோபிலை எடுத்துவிட்டு, தங்கள் மொழி உச்சரிப்பான சோர்னோபில் என்று மாற்றினார்கள். ஓர் எழுத்துத்தான். ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஓர் எழுத்தின் பாரம் தெரியும்.

ஏழாம் படி: எந்த வரிசையில்

வாசிக்கப் பிடிக்கும், ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்றால் ஆட்டம்ஃபாலில் தொடங்குங்கள். மற்றப் பெரிய கேம்களோடு பார்க்கும்போது அளவு சின்னது, ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடலாம். யாரையும் கொல்லலாம், கதை அதற்கேற்ப வளைந்துகொடுக்கும், முடிவுகளும் பல. கணினி பழையது, நிறையப் பேரோடு கதைத்துக் கதைத்துக் கதையை நகர்த்த ஆசை என்றால் நியூ வேகாஸ். ஸ்டாக்கரை இரண்டில் ஒன்றை முடித்த பிறகு எடுங்கள். அப்புறம் மற்றது எதுவும் பிடிக்காமல் போகலாம், அது என் பொறுப்பில்லை.

சண்டையே வேண்டாம், தனியாக நடக்க வேண்டும் என்பவர்களுக்குக் கனடாப் பனியில் நடக்கும் தி லோங் டார்க் இருக்கிறது. மின்சாரமெல்லாம் செத்துப்போன ஒரு தீவு, எதிரி குளிரும் பசியும் ஓநாயும். நம் வெயிலில் இருந்து விளையாட ஒரு சுகம். அதன் பிழைத்திருத்தல் முறையில் செத்தால் சேமித்த கேமும் போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலில் திஸ் வார் ஒஃப் மைனையும் பலர் சேர்ப்பார்கள். போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 இல் செய்தது, கைபேசியிலும் கிடைக்கும். பொஸ்னியப் போரில் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டதை மனதில் வைத்து எழுதப்பட்டது. துப்பாக்கிக்காரர் இல்லை, ஒரு இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரணச் சனம்தான் நீங்கள். பகலில் அடுப்பும் கட்டிலும் செய்வது, இரவில் ஒருவரை அனுப்பிச் சாமான் தேடுவது. கேம் என்ற அளவில் மிக நல்லது, புதியவருக்கும் விளங்கும். அதை நான் ஒருமுறை கூடத்தில் வைத்து விளையாடினேன். அம்மா பின்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றார். திரையில் இரவு, வீட்டுக்குள் வெளிச்சம்.

"அந்த விளக்கை நூர்க்கச் சொல்லு தம்பி, வெளியாலை தெரியும்," என்றார்.

அதை மட்டும் ஹெட்ஃபோன் போட்டு, உங்கள் அறைக்குள் வைத்து விளையாடுங்கள்.